அழுவாச்சிக் காப்பு

லிஃப்டில் மாட்டிக்கொண்டவருக்கு முதலில் வேண்டியது மெக்கானிக் அல்ல, பேச்சுத்துணை. பத்தொன்பது வருடமாகத் தூத்துக்குடியின் லிஃப்டுகளைப் பழுது பார்த்துவரும் கஸ்பார் மோத்தா உலகுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த ஒரே விஞ்ஞான உண்மை இதுதான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ள யாருங்க? வீட்டுல சண்ட போட்டுட்டு வந்தவங்க மட்டும்தான் இந்த லிஃப்டுல மாட்டுவாங்க. காலையில என்ன சண்ட?" என்று ஆரம்பிப்பான். உள்ளே அழுதுகொண்டிருக்கும் பெண்மணி, "சட்னியில உப்பு இல்லைன்னு சொன்னாருங்க" என்று விம்மலுக்கு நடுவே ஒப்புக்கொள்வார். அவ்வளவுதான், மூச்சு சீராகிவிடும். அதற்குள் இவன் மொட்டைமாடிக்கு ஓடி, மோட்டாரின் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்துவிடுவான்.

இந்தத் தொழில் அவன் உடம்புக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. பயம் வந்தால் நாடி இறங்கும், வாய் கேலி பேசும். பயம் கூடினால் கேலியும் கூடும். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டபோது அவன் சொன்ன பதிலை ரெஜினா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்படிப்பட்ட ஆளின் கையில்தான் அந்தத் திங்கட்கிழமை அழுவாச்சிக் காப்பை மாட்டினார்கள்.

அப்பா இன்னாசி மோத்தாவுக்கு எழுபத்தொரு வயது. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் டக் படகை முப்பது வருடம் ஓட்டியவர். இப்போது குளியலறைக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறினார். இதயத்தின் பெரிய வால்வு சுண்ணாம்புக் கட்டிபோல இறுகிவிட்டது, ஆறு வாரத்துக்குள் மாற்ற வேண்டும், அதுவரை அதிர்ச்சி, பயம், மூச்சிரைப்பு எதுவும் கூடாது என்றார் டாக்டர். இன்னாசி அதைக் கேட்டுவிட்டு, "உப்பளத்து ஊர்ல பொறந்தவன் டாக்டர். உள்ள கொஞ்சம் உப்புப் பூக்கத்தான் செய்யும்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. கஸ்பார் சிரித்தான். வெளியே வந்து செலவைக் கேட்டான். எட்டு லட்சம் என்றார்கள். அதற்கும் சிரித்தான்.

காப்பீட்டு அட்டை எழுபது வயதோடு முடிந்துபோயிருந்தது. அதை அப்பாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "எல்லாம் கார்டுல வருதுப்பா. நீங்க போய்ப் படுத்துக் குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டான்.

பிறகு 'துணைக்கரம்' நிதியத்துக்குப் போனான். அது முத்துநகர் வளாகத்தின் நான்காவது மாடியில் இருந்தது. அந்த வளாகத்து லிஃப்டும் இவன் பராமரிப்புதான். வாசலில் காத்திருப்பவர்களை மாதா மாதம் பார்த்திருக்கிறான். ஒருநாள் தானும் அதே பெஞ்சில் உட்காருவோம் என்று நினைத்ததில்லை.

"வீடியோ கொண்டுவந்திருக்கேன் மேடம்," என்றான். "அப்பா கட்டில்ல படுத்திருக்காரு. நான் காலு பிடிச்சு விடுதேன். பின்னால மாதா படம்கூடத் தெரியும்."

நிதியத்தின் அதிகாரி திலகவதி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திருச்சிக்காரர். பதினைந்து வருடமாக மற்றவர்களின் கஷ்டத்தை வாங்கிக் கோப்பில் வைத்து வைத்து முகம் ஒரு மாதிரி வழுவழுப்பாகியிருந்தது.

"வீடியோ எல்லாம் வாங்குறதில்லங்க. முன்னாடி வாங்கினோம். அப்புறம் பொறக்காத குழந்தைக்கெல்லாம் மூளை ஆபரேஷன்னு வீடியோ வந்துச்சு. தாயும் மெஷின் பண்ணினது, புள்ளையும் மெஷின் பண்ணினது. ஆனா அழுக இருக்கே, அப்படி ஒரு அழுக! உண்மையான தாய் யாரும் அவ்வளவு அழகா அழமாட்டா. கொடுக்குறவங்க கையை மூடிட்டாங்க."

"அதனால?"

"அதனால உடம்பை மட்டும் நம்புறோம்." மேசை இழுப்பறையிலிருந்து சாம்பல் நிற ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து அவன் மணிக்கட்டில் மாட்டினார். "ஏழு நாள் கையிலயே இருக்கணும். அறுபது வயசுக்கு மேல இருந்தா மூணு நாள் போதும். நோயாளியும் கட்டலாம், சொந்தக்காரங்களும் கட்டலாம். வேர்வை, நாடி, குரல், ரத்தத்துல ஓடுற சில சமாச்சாரம் எல்லாத்தையும் பார்த்து உங்க துயரம் எவ்வளவுன்னு நூத்துக்கு மார்க் போடும். அறுபது வந்தா பணம் வரும். கொடுக்குறவங்களுக்கு உங்க பேரும் தெரியாது, கதையும் தெரியாது. மார்க் மட்டும்தான்."

"அறுபது வரலைன்னா?"

"ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வரலாம்."

கஸ்பாரின் நாடி இறங்கியது. வாய் திறந்துகொண்டது. "ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா கல்லறைக்கு டைல்ஸ் போட உதவி உண்டா மேடம்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தான்.

காப்பு 'கிர்' என்று அதிர்ந்தது. அதன் சின்னத் திரையில் எழுத்து ஓடியது: சிரிப்பு. விலக்கப்பட்டது.

"சிரிச்சா அந்த நேரத்தை அது பார்க்காது," என்றார் திலகவதி. "ரொம்பச் சிரிச்சா இருக்குற மார்க்கையும் கழிச்சிடும். பார்த்து இருங்க."

ஊரில் யாரும் அதை 'மெய்த்துயர் அளவி' என்ற அதன் முழுப்பெயரால் அழைப்பதில்லை. அழுவாச்சிக் காப்பு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தமாதிரி விசாரிப்பார்கள். "உங்க மச்சானுக்கு எவ்வளவு?" "எழுபத்திரெண்டு." "பரவாயில்லையே! எங்க சித்தி அறுபத்தொண்ணுல தப்பிச்சா." எண்பதுக்குமேல் எடுத்தவர் தெருவில் போனால் நாலு பேர் தள்ளி நின்று மரியாதை செய்தார்கள்.

கஸ்பார் செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தான். பதினொன்று.

காரணம் அவனுக்குத் தெரியும். முந்தின நாள் மாலை, வழக்கம்போல அப்பாவும் அவனும் டீ குடித்திருந்தார்கள். அந்த வீட்டில் பாசம் என்ற சரக்கு கேலியாக மட்டும்தான் புழக்கத்தில் இருந்தது. அம்மா இறந்த வருடத்தில் இரண்டு பேரும் எப்படியோ கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. இன்னாசி டீயை உறிஞ்சிவிட்டு, "ஏல, இது டீயா, டக்குக்கு அடியில தேங்குத தண்ணியா?" என்பார். "உங்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுது? முப்பது வருஷம் அதத்தான குடிச்சிய" என்பான் மகன். அவர் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க, இவன் முதுகைத் தடவிக்கொடுத்தபடி இன்னும் ஒன்று சொல்வான். காப்பு 'கிர் கிர்' என்று அதிர்ந்துகொண்டே இருந்தது.

"கையில என்னல?"

"கம்பெனியில குடுத்தது. நான் வேலை பாக்கனா தூங்குதனான்னு அது சொல்லிரும்."

"அப்ப உனக்கு வேலை போச்சு."

கிர்.

புதன்கிழமை ஒன்பது. ரெஜினா காப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பத்துக்குக் கீழ எடுத்த ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க. மாமா மேல பாசமே இல்லைன்னு வெளிய பேசுவாங்க."

"மெஷினுக்கு என் மூஞ்சி பிடிக்கல."

"பேசாதீங்க! பேசிப் பேசித்தான் ஒன்பது. நான் ஆனந்தவேல் சார்கிட்ட சொல்லிட்டேன். அவரு டியூஷன்ல சேர்ந்தவங்க யாரும் எழுபதுக்குக் குறைஞ்சது இல்லையாம்."

ஆனந்தவேல் சார் முன்பு வேலைத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். தேர்வுகள் குறைந்து துயரம் பெருகியதும் போர்டை மாற்றிவிட்டார். பெஞ்சுகள் பழையவை. சுவரில் போன மாதத்து முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களின் படங்கள் மாலையில்லாமல் தொங்கின. மூவரும் வீங்கிய கண்களோடு கேமராவைப் பார்த்தார்கள்.

"உங்க பிரச்சினை என்னன்னா," என்றார் சார், சாக்பீஸை உருட்டியபடி, "நீங்க கஷ்டத்தை வர விடமாட்டேங்குறீங்க. வாசல்லயே ஜோக்கடிச்சுத் திருப்பி அனுப்பிடுறீங்க. கேலி உங்களுக்கு மைனஸ் மார்க். எழுதிக்கோங்க."

கஸ்பார் எழுதிக்கொண்டான்.

"இன்னையிலேர்ந்து அப்பாகூடப் பேச்சு கிடையாது. கேட்டதுக்கு ஒரு வார்த்தை பதில். முகத்தைப் பார்க்காதீங்க, சிரிப்பு வந்துரும். செருப்பைப் பாருங்க. வாசல்ல கிடக்குதுல்ல அவர் செருப்பு? அதுல கால் இல்லாம இனி எப்பவும் கிடக்கும்னு நினைங்க. பத்து நிமிஷம். காலையில பத்து, சாயங்காலம் பத்து."

"சார், இது பாவம் இல்லையா?"

"பாவம்தான். பாவமா இருந்தாத்தான் மார்க் வரும்."

கஸ்பார் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று செருப்பைப் பார்த்தான். தோல் செருப்பு. இடது குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. ஆடும் படகில் நின்றே பழகிய நடை அப்படி. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது நிமிடத்தில் குனிந்து, தேய்ந்த அந்த இடத்தை விரலால் தடவினான். வியாழக்கிழமை காலையில் முப்பத்திநாலு.

டியூஷன் வேலை செய்தது. அதுதான் கொடுமை.

இன்னாசிக்கு ஒன்றும் புரியவில்லை. வியாழன் மாலை டீயை வாங்கி உறிஞ்சிவிட்டு, "ஏல, இது டீயா, இல்ல டக்குக்கு அடியில..." என்று நிறுத்தி, மகன் எடுத்துக்கொள்வதற்காகக் காத்திருந்தார். கஸ்பார் தரையைப் பார்த்து, "டீதான்" என்றான்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

அடுத்த நாள் காலையில் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டுக்கொண்டு, பித்தான் எல்லாம் உள்ளே போன கோலத்தில், மகன் சாப்பிடும்போது குறுக்கும் நெடுக்கும் இரண்டு தடவை நடந்தார். இளைப்பு வாங்கியது. மூன்றாவது தடவையும் நடந்தார். கஸ்பார் பார்த்தான். நாக்கு நுனிக்கு வந்த பதினோரு கேலியையும் இட்லியோடு சேர்த்து விழுங்கினான். மாத்திரை விழுங்குவதுபோல ஒவ்வொன்றாகத் தொண்டையில் தட்டியது.

"வேலைக்கிப் போறேன்ப்பா."

"கஸ்பாரு, உடம்பு கிடம்பு சரியில்லையால?"

"இல்ல."

அவர் பார்வை அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கிக் காப்பில் நின்றது. கஸ்பார் கவனிக்கவில்லை. அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பிற்பகல் முத்துநகர் வளாகத்து லிஃப்டுக்குப் பராமரிப்பு நாள். மூன்றாவது தளத்தில் உட்கார்ந்து கதவுப் பூட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் ஓடாததால் திலகவதி மேடம் படியில் இறங்கி வந்தார். அவனைக் கண்டதும் நின்றார்.

"எவ்வளவு?"

"நாப்பத்தியேழு மேடம்."

"ஏறியிருக்கே." ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "போன மாசம் மெர்சின்னு ஒரு அம்மா வந்தாங்க. மீன் விக்கிறவங்க. மூணு வருஷமா படுத்த படுக்கையா இருக்குற தாயைப் பார்த்துக்குறாங்க. பீ மூத்திரம் அள்ளுறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, எல்லாம் ஒரே ஆள். இருபத்திரெண்டு மார்க். ஏன் தெரியுமா? அழுறதுக்கு அவங்ககிட்ட மிச்சம் எதுவும் இல்ல. உட்கார்ந்தா தூங்கிடுறாங்க. தூக்கத்தை மெஷின் நிம்மதின்னு எழுதிடுச்சு."

"நீங்க மாத்தி எழுதியிருக்கலாமே மேடம்."

"மார்க்ல கை வைக்க எனக்கு உரிமை இல்லங்க. அதுக்கு வெளிய இருக்குற கட்டத்துலதான் நான் எழுத முடியும்." எதையோ சொல்லப்போய் நிறுத்தினார். "உங்க அப்பா... நல்லா இருக்காங்களா?"

பழைய கஸ்பாராக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும் பதில் சொல்லியிருப்பான். "இருக்காரு" என்றான்.

திலகவதி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். கஸ்பார் மெர்சியை நினைத்தான், அப்பாவின் குதிகாலை நினைத்தான், கருவிகளை அள்ளிப் பைக்குள் போட்டான். பூட்டுக்கு இரண்டு திருகு. ஒன்றைத்தான் முடுக்கியிருந்தான்; பூட்டு ஆடினால் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிடும். பத்தொன்பது வருடத்தில் அவன் அப்படி ஒரு வேலையை விட்டுவிட்டு வந்ததே இல்லை.

அன்று மாலையிலிருந்து இன்னாசி முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். கஸ்பாரின் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. ஜூன் மாத வெக்கையில் மணிக்கட்டு வரை பித்தான் போட்டுக்கொண்டு, கழுத்தில் வேர்வை வழிய உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அதே சட்டை. இப்போது அவர் கேலிக்காகக் காத்திருப்பதாகவும் தெரியவில்லை. அடிக்கடி மகனைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெஜினா வைத்த மீன் குழம்பை அப்படியே ஒதுக்கினார்.

"மாமா சாப்பிடவே மாட்டேங்குறாங்க," என்றாள் ரெஜினா. "நீங்க ஒரு வார்த்தை ஏதாவது சொன்னாத்தான் என்ன?"

"நீதான டியூஷன்ல சேர்த்த? இன்னும் ஒரு நாள். ஐம்பத்தியெட்டு வந்துட்டு."

திங்கட்கிழமை காலை அறுபத்தொன்று.

பதினொரு மணிக்குக் காப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். பத்தே முக்காலுக்கே முத்துநகர் வளாகத்துக்குப் போய்விட்டான். கீழே காவலாளி ஓடிவந்தார்.

"நல்லவேளை வந்தீங்க! உங்களுக்குத்தான் போன் போட்டுக்கிட்டு இருக்கேன். லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. ஒரு பெரியவர் தனியா மாட்டிக்கிட்டாரு."

அந்த இன்னொரு திருகு கஸ்பாரின் கண்முன் வந்து நின்றது. மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினான். மூன்றாவது தளத்துக் கதவில் வாயை வைத்து, "ஐயா, பயப்படாதீங்க. மெக்கானிக் வந்துட்டேன்" என்றான். வழக்கமான கேலியைச் சேர்க்கவில்லை. கையில் அறுபத்தொன்று இருந்தது.

உள்ளிருந்து இளைப்போடு ஒரு குரல் வந்தது. "இந்த லிஃப்ட நீதான் பாக்கியா? அப்ப சரி. நான் ஜெபமாலைய எடுத்துக்கிடுதேன்."

கஸ்பார் கதவில் காதை வைத்தான். "யப்பா?"

"ம்."

"நீங்க இங்க எதுக்கு..."

மூச்சு மட்டும் கேட்டது. பழைய பம்ப் தண்ணீர் கிடைக்காமல் இழுப்பதுபோல ஒரு மூச்சு. அதிர்ச்சி கூடாது, பயம் கூடாது, மூச்சிரைப்பு கூடாது. காற்றில்லாத இரும்புப் பெட்டியில், இருட்டில், மூன்றும் ஒன்றாக அவரோடு இருந்தன. மாடிக்கு ஏறிச் சக்கரத்தைச் சுற்றப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை அந்த மூச்சை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

காப்பைப் பார்த்தான். பத்து ஐம்பது. இன்னும் பத்தே நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வால்வு வந்துவிடும். ஆனால் அதைப் பொருத்துவதற்கு அப்பா இருப்பாரா?

"கஸ்பாரு," என்றது குரல். கதவுக்கு மிக அருகில், மிகச் சின்னதாக. "இப்பவும் பேச மாட்டியால?"

அவ்வளவுதான்.

"பேசுதேன். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இந்த வேக்காட்டுல முழுக்கைச் சட்டையப் போட்டுக்கிட்டு யாரைப் பொண்ணு பாக்கப் போறிய?"

கிர், என்றது காப்பு.

உள்ளே அந்தப் பம்புக்குத் தண்ணீர் கிடைத்தது. "நாலு நாளா..." என்றார் இன்னாசி. சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று இடையில் வந்தது. "நாலு நாளா இதுக்குத்தானல காத்துக் கெடந்தேன், படுபாவி!"

"அன்னைக்கு சட்டைய மாத்திப் போட்டுக்கிட்டு நடந்தியள, அதுக்கும் வச்சிருக்கேன். கையில போன் இருக்கா? நான் போடுதேன், எடுத்துக் காதுல வைங்க. தரையில உக்காருங்க. காலை நீட்டிக்கிடுங்க. டக்குல தூங்குன மாதிரி."

"டக்குல நான் தூங்குனத நீ பாத்தியா?"

"ஊரே பாத்துச்சு. ஒரு தடவ கப்பல்தான உங்கள இழுத்துட்டு வந்துச்சு!"

போனில் பேசிக்கொண்டே மொட்டைமாடிக்கு ஓடினான். மோட்டார் அறை, மின்சாரம், பிரேக், சக்கரம். கை தன் வேலையைச் செய்தது, வாய் தன் வேலையைச் செய்தது. சட்டைக்கு ஒன்று, ஜெபமாலைக்கு ஒன்று, அப்பாவின் நடைக்கு ஒன்று, தன் வேலைத் திறமைக்கு நாலு. சத்தம் கேட்டு நான்காவது மாடி பெஞ்சில் காத்திருந்தவர்கள் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் காப்பு. கதவுக்கு உள்ளிருந்து கிழவர் பதிலுக்குப் பதில் கொடுப்பதைக் கேட்டு ஒருவர் சிரிக்க, இன்னொருவர் சிரிக்க, படிக்கட்டு முழுக்கக் 'கிர் கிர்' என்று அதிர்ந்தது. திலகவதி மேடம் மட்டும் மூன்றாவது தளத்துக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

பெட்டி தளத்துக்கு வந்தது. கஸ்பார் இறங்கி ஓடிவந்து கதவைப் பிளந்தான். இன்னாசி மூலையில் சப்பணமிட்டு, வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. வாயில் சிரிப்பு இருந்தது.

"அரை மாடி ஏறதுக்கு இம்புட்டு நேரமா?" என்றார்.

நான்காவது மாடியில் தண்ணீர் கொடுத்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்தார்கள். திலகவதி கஸ்பாரின் காப்பைக் கழற்றி, மேசைமேல் இருந்த மார்க் படிக்கும் கருவியில் வைத்தார். திரையைப் பார்த்தார். மெதுவாகத் திருப்பிக் காட்டினார். ஐம்பத்திமூன்று.

"சிரிப்பு பத்து நிமிஷம். கழிச்சிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "கழிச்ச அந்தப் பத்து நிமிஷத்தை நான் திறந்து பார்த்தேன். வேர்வையும் ரத்தமும் அப்ப போன உயரத்துக்கு ஏழு நாள்ல வேற எப்பவும் போகல. ஆனா சிரிப்புச் சத்தம் கேட்டா மெஷின் கண்ணை மூடிக்கும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கஸ்பார் தலையசைத்தான். அப்பாவுக்குக் கேட்டுவிடுமோ என்று திரும்பிப் பார்த்தான்.

"ஐயா," என்றார் திலகவதி, "மூணு நாள் முடிஞ்சிருச்சு. கையை நீட்டுங்க."

இன்னாசி முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்றி, வேர்வையில் ஒட்டிய துணியை மேலே சுருட்டினார். மெலிந்த மணிக்கட்டில் சாம்பல் நிற ரப்பர் வளையம் இருந்தது.

கஸ்பார் எழுந்தே விட்டான். "யப்பா, இது எதுக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"பொறவு? எனக்குத்தான் எல்லாம் கார்டுல வருதுன்னு சொன்னியே. அப்ப உன் கையில இருக்கது யாருக்கு? கம்பெனி குடுத்ததாம்! இந்தக் காப்பு எனக்குத் தெரியாதாக்கும்?" அவர் மகனைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துப் பேசினார். "டீதான்னு சொன்ன பாத்தியா, அப்பவே எனக்கு வயித்துல கல்லு விழுந்துட்டு. எங்கிட்ட சொல்ல முடியாத வியாதி என்னமோ உனக்கு வந்துட்டுன்னு நெனச்சேன். அதான் வெள்ளிக்கிழமை காலையிலயே ஆட்டோ பிடிச்சு வந்து இந்தம்மாகிட்ட கேட்டேன். இது அடுத்தவங்க விஷயம், சொல்லப்படாதுன்னுட்டா. சரி, சொல்லாட்டி எனக்கும் ஒண்ணு கட்டுங்கன்னேன்."

திலகவதி ஒரு தாளை எடுத்துக் கஸ்பார் முன்னால் வைத்தார். அப்பாவின் கோணல் கையெழுத்து. நோயாளி: மகன் கஸ்பார். நோய் என்ற கட்டத்தில், 'தெரியவில்லை. சிரிக்க மாட்டேன்கிறான்.'

"மார்க் தொண்ணூத்திநாலு," என்றார் திலகவதி. "நான் இங்க வந்த பிறகு இவ்வளவு பார்த்ததில்ல. மூணு நாளும் ஒரு நிமிஷம்கூடக் கழியல. லிஃப்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே காலம் முடிஞ்சு பூட்டிக்கிச்சு."

"ஆனா மேடம், எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே."

"நோய் அவர் எழுதியிருக்காரே. சிகிச்சை என்னன்னு விசாரிச்சு எழுதுறது என் வேலை. மார்க்குக்கு வெளிய இருக்குற கட்டம்." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, பேனாவைத் திறந்து, நிதானமாக எழுதினார்: தந்தைக்கு இதய வால்வு மாற்று அறுவை. "மகன் மறுபடி சிரிக்கிறதுக்கு வேற வைத்தியம் உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, அடிச்சுட்டு எழுதுறேன்."

இன்னாசி தாளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கார்டு பொய் என்பது அவருக்கு அந்த நொடியில்தான் புரிந்திருக்க வேண்டும். பித்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஏல," என்றார் பிறகு. "உனக்கு எவ்வளவு?"

"ஐம்பத்திமூணு."

"டியூஷன் வேற போனியாம்! ரெஜினா பேசினது காதுல விழுந்துட்டு." நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு டியூஷனும் இல்லாம தொண்ணூத்திநாலு. அழுகையில கூட அப்பன ஜெயிக்கத் துப்பில்ல உனக்கு."

அதற்கொரு பதில் கஸ்பாரிடம் தயாராக இருந்தது. அருமையான பதில். வாயைத் திறந்தான். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக வாய் அவன் சொன்னபடி கேட்கவில்லை. பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஈரச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

"ஏ, மக்கா. ஏல, கல்யாணச் சட்டை. கறை பட்டுரும்ல..." என்றார் இன்னாசி, அவன் முதுகைத் தடவியபடி.

மேசைமேல் கஸ்பாரின் காப்பு கழற்றிவைத்த இடத்தில் கிடந்தது. அதன் திரையில் எதுவும் ஓடவில்லை.